58 துண்டுகளில் ஓர் ஆபத்தான பொருட்காட்சி: கிளைக்கதைப் புத்தகம் செய்த விவரம்

வாசிக்கிறவரே அடுத்து என்ன செய்வதென்று தேர்ந்தெடுத்து, அதற்குரிய பக்கத்துக்குத் தாவிப் படிக்கும் கதைப் புத்தகம் இது. ஏ5 அளவு, 64 பக்கம், 30 பிரதி. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நூலகத்தில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கலாம். களம், வடசென்னையில் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலோரத்தில் போட்டிருப்பதாகக் கற்பனை செய்த ஒரு பொருட்காட்சி. ராட்டினம், கொலம்பஸ் என்னும் ஊஞ்சல் படகு, சுவரில் வண்டி ஓட்டும் மரணக் கிணறு, கண்ணாடி மாளிகை, பேய் வீடு என ஐந்து இடங்கள். இரவு எட்டு மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது. கூட்டத்தில் தொலைந்த தங்கையைத் தேடி எடுத்து வெளியே வர வேண்டும்.

முதலில் பக்கக் கணக்கு

கதையை யோசிப்பதற்கு முன்பே தாளை எண்ணிவிடுவது நல்லது. ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். 16 தாளுக்கு 64 பக்கம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) தாளில் நடுவில் தைக்கும் புத்தகத்துக்கு இதுவே கிட்டத்தட்ட எல்லை. இதற்கு மேல் போனால் புத்தகம் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். 30 பிரதிக்கு 480 தாள் ஆகும். ஒரு ரீம் 500 என்பதால் வீணாவதற்கு 20 தாள் கையிருப்பு.

பக்கம் 1 தலைப்பு, 2 விளையாடும் முறை, 3 பென்சிலால் குறித்துக்கொள்ளும் கட்டங்கள், 64 பின்குறிப்பு. நடுப்பக்கங்களான 32, 33 இரண்டிலும் திடலின் வரைபடம். வரைபடத்தை வேறெங்கும் வைக்க முடியாது. ஒரே தாளின் ஒரே முகத்தில் சேர்ந்து அச்சாகித் திறந்தபடி எதிரெதிரே நிற்பவை இந்த இரண்டு பக்கங்கள் மட்டுமே. மற்ற இடங்களில் இடது பாதி ஒரு தாளிலும் வலது பாதி இன்னொரு தாளிலும் விழுந்து, ராட்டினம் ஒரு மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ ஒட்டும்.

மிச்சம் 58 பக்கம். பக்கத்துக்கு ஒரு துண்டு, ஆக 58 துண்டுகள். கட்டைவிரல் படுகிற ஓரத்துக்கு 15 மில்லிமீட்டர், நடு மடிப்புக்கு 18 மில்லிமீட்டர் விட்டு, முக்தா மலர் எழுத்துருவை 12 புள்ளியில் வைத்தால், தேர்வு வரிகளோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 150 சொல் பிடிக்கும். எந்தத் துண்டும் அதைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கம் நீளும் துண்டு ஒன்று வந்தாலே கீழே சொல்லப்போகும் எண் அடுக்கு முழுவதும் கலைந்துவிடும்.

கிளை மரமாக வளரக் கூடாது

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தேர்வு, பத்துத் தேர்வு ஆழம் என்று மனம்போல எழுதினால் 1,024 முடிவுகள் வரும். 58 துண்டுக்குள் அடங்க வேண்டுமென்றால் பிரிந்த வழிகள் திரும்ப வந்து சேர வேண்டும். சேரும் துண்டுக்கு இங்கே சந்தி என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்தப் புத்தகத்தின் கணக்கு: 12 துண்டுகள் முடிவு (முழு வெற்றி 1, அரைகுறைத் தப்பிப்பு 3, ஆபத்து 8). மற்ற 46 துண்டுகளில் 8 துண்டுகளுக்கு ஒரே வழி, 32 துண்டுகளுக்கு இரண்டு வழி, 6 துண்டுகளுக்கு மூன்று வழி. கூட்டினால் 90 இணைப்புகள். தொடக்கத் துண்டு தவிர மற்ற 57 துண்டுகளுக்கும் குறைந்தது ஓர் இணைப்பாவது உள்ளே வர வேண்டும். மீதி 33 இணைப்புகள்தான் வழிகள் திரும்பச் சேரும் இடங்கள். பெரிய சந்திகள் இரண்டு: ஜெனரேட்டர் கொட்டகை, பின்வாசல். எந்த வழியில் போனாலும் கொட்டகையைத் தாண்டியாக வேண்டும்.

ஒரு சுற்றில் 12 முதல் 14 துண்டுகள் படிக்கும்படி அமைவது நல்லது. நான்காவது தேர்வுக்கு முன்னால் ஆபத்து முடிவு எதுவும் வரக் கூடாது. இரண்டே பக்கத்தில் செத்துப்போகிற புத்தகத்தைப் பிள்ளைகள் மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

சந்தியில்தான் தமிழ் வாக்கியம் காலை வாரும். ‘அந்தத் தாத்தா மறுபடி எதிரே வருகிறார்’ என்று ஒரு வரி. பேய் வீட்டு வழியாக வந்தவருக்கு அந்தத் தாத்தாவைத் தெரியும். ராட்டினத்து வழியாக வந்தவருக்கு அவர் யாரென்றே தெரியாது. நேராகப் படித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. அதனால் எழுதி முடித்ததும் சந்தித் துண்டுகளை மட்டும் தனியாகப் பிரித்து, ‘அந்த’, ‘மறுபடி’, ‘மீண்டும்’, ‘ஏற்கெனவே’, ‘இப்போதும்’, ‘இன்னொரு’ ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ‘உம்’ இடைச்சொல்லும் இதே வேலையைச் செய்யும்: ‘இங்கும் விளக்கு இல்லை’ என்றால் வேறெங்கோ இல்லாததைப் பார்த்திருக்க வேண்டும். திருத்தம் எளிது. ‘கைத்தடியும் பச்சை லுங்கியுமாக ஒரு தாத்தா எதிரே வருகிறார்’ என்று எழுதிவிட்டால், முன்பே பார்த்தவர் அவரைத் தானே அடையாளம் கண்டுகொள்வார்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

பேய், சாபம், பைத்தியக்கார விஞ்ஞானி எதுவும் இந்தப் புத்தகத்தில் கிடையாது. காரணம் நியாயம்தான். பேய் எந்தப் பக்கம் நிற்கும் என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. நாணயம் சுண்டுவதுபோல ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். துரு, எடை, ஈரம், மின்கசிவு இவற்றுக்கு அடையாளம் உண்டு. கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. போல்ட்டும் கொக்கியும் மற்ற ஊரைவிடச் சீக்கிரம் அரிக்கும் என்பது கடலோரக் காசிமேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே விதி ஒன்று: ஓர் ஆபத்து முடிவுக்குக் காரணமான தடயம், அதற்கு இட்டுச்செல்லும் தேர்வுப் பக்கத்திலோ அதற்கு முன்னாலோ கட்டாயம் அச்சாகியிருக்க வேண்டும். முன்னால் என்றால், அந்தத் தேர்வுக்கு வரும் எல்லா வழியிலும்.

ராட்டினத் துண்டு இப்படி வந்தது:

*பக்கம் 18*
*ராட்டினத்தின் அடியில் நிற்கிறாய். பன்னிரண்டு பெட்டியில் நான்கில்தான் ஆள். நான்கும் கடல் பக்கம். மோட்டார் ஓடவில்லை, ஆனாலும் வளையம் ஒரு ஜாண் தானாக இறங்கி நிற்கிறது. அதை உருட்டும் ரப்பர் டயரில் ஈரம் மினுங்குகிறது. “குந்திக்கோ கண்ணு, கடைசி ரவுண்டு” என்கிறார் ஓட்டுகிறவர். மேல் பெட்டிக் கம்பியில் ஒரு சிவப்பு ரிப்பன் ஆடுகிறது.*
*கடல் பக்கப் பெட்டியில் ஏறுகிறாய்: 45*
*எதிர்ப்பக்கமும் ஆள் உட்காரட்டும் என்கிறாய்: 9*
*ரிப்பனை விட்டுவிட்டுக் கொலம்பஸ் பக்கம் ஓடுகிறாய்: 52*

சின்ன ராட்டினங்கள் பலவற்றில் வளையத்தின் விளிம்பை ரப்பர் டயர் உரசித்தான் சுற்றுகிறது. நிறுத்திப் பிடிப்பதற்கும் அதே உரசல்தான். எடை ஒரே பக்கம் சேர்ந்து, டயரும் நனைந்திருந்தால் பிடி நழுவும். கனமான பக்கம் தானாகக் கீழே ஓடும். மூன்று தடயமும் பக்கத்திலேயே இருக்கின்றன. சிவப்பு ரிப்பன் மட்டும் ஆசை காட்ட. இப்படி ஆசை காட்டும் பொருள் ஒன்று இல்லாவிட்டால் எல்லாரும் முதல் பார்வையிலேயே சரியான வழியில் போய்விடுவார்கள்.

கொலம்பஸுக்கு வேறு மாதிரி. படகின் அடியில் டயர் உரசித் தள்ளும் வகை. மின்சாரம் போனால் தள்ளுவதும் நிற்கும், இழுத்துப் பிடிப்பதும் நிற்கும். 6 மீட்டர் நீளத் தொங்கல் என்றால் ஒரு முறை போய்வர ஏறக்குறைய 5 விநாடி, வீச்சு பெரிதானால் கொஞ்சம் கூடும். உச்சியில் படகு ஒரு கணம் நிற்கும், ஆனால் அங்கேதான் உயரம் அதிகம். நடுவில் தரை கிட்டத்தில் இருக்கும், ஆனால் அங்கேதான் வேகம் அதிகம். ‘உச்சியில் குதி’, ‘நடுவில் குதி’ இரண்டுமே ஆபத்து முடிவுக்குப் போகின்றன. கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதுதான் வழி. சாகசக் கதையில் ‘ஒன்றும் செய்யாமல் இரு’ என்ற தேர்வு சரியாக இருப்பது அரிது என்பதாலேயே அது வேலை செய்கிறது. ஆனால் புத்தகத்துக்கு ஒரு தடவைதான். இரண்டாம் முறை வைத்தால் பிள்ளைகள் எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொள்வார்கள்.

மரணக் கிணற்றுக்குக் கணக்கே போடலாம். 9 மீட்டர் குறுக்களவு, டயருக்கும் பலகைக்கும் உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவு) 0.8 என்று கொண்டால், வண்டி சுவரில் நிற்க மணிக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் வேகம் போதும். தார்ப்பாய் ஒழுகிப் பலகை நனைந்து கெழு 0.5 ஆகிவிட்டால் 34 வேண்டும். முப்பதில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி காய்ந்த பலகையில் நிற்கும், நனைந்த பலகையில் சறுக்கும். இந்த எண்கள் கதையில் வராது. தார்ப்பாய்க் கிழிசலும் சொட்டும் தண்ணீரும் மட்டும் வரும்; விளிம்பில் சாய்ந்து எட்டிப்பார்ப்பதா, படியிலேயே நிற்பதா என்பது தேர்வு.

மின்கசிவுக்கு ஒரு வரி வசனம். அப்பளக் கடை அம்மா: “அந்தக் கம்பி வேலில கை வெக்காத கண்ணு, சுர்ருங்குது.” இது 11ஆம் பக்கம். வேலியைத் தாண்டும் தேர்வு அதற்கு ஐந்து துண்டு தள்ளி வருகிறது. அந்த இடைவெளியில் ஞாபகம் வைத்திருப்பவர் பிழைப்பார்.

இருட்டில் திசை கண்டுபிடிக்க ஊரே கைகொடுக்கிறது. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் வரிசையில் ரயில் பாதை கரைக்கு இணையாகப் போகிறது. எலெக்ட்ரிக் ட்ரெயின் சத்தம் மேற்கே, அலைச் சத்தம் கிழக்கே. கண்ணாடி மாளிகைக்குள் கண்ணை நம்பாமல் காதை நம்பினால் வெளியே வந்துவிடலாம். தென் சென்னையில் எங்காவது உள்ளே தள்ளிக் களத்தை வைத்திருந்தால் இந்தத் தடயம் கிடைத்திருக்காது.

‘நீ’ என்று எழுதுவது

விவரிப்பு முழுக்க ‘நீ’, நிகழ்காலம். ‘நிற்கிறாய்’, ‘ஓடுகிறாய்’ என்ற வினைகளில் ஆண், பெண் வேறுபாடு இல்லாததால் யார் படித்தாலும் பொருந்தும். கெடுப்பது வசனங்கள்தான். கடைக்காரர் ‘தம்பி’ என்றோ ‘டேய்’ என்றோ ஆரம்பித்தால் பாதி வாசகர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். வடசென்னை வாய்க்கு ‘கண்ணு’ இயல்பாக வரும், இருபாலுக்கும் பொது. வட்டாரப் பேச்சு பாத்திரங்களின் வாயில் மட்டும். அதற்கும் ஓர் எழுத்துப் பட்டியல் வைத்துக்கொள்வது அவசியம். ‘வந்துக்கினு’ என்று ஒரு பக்கத்திலும் ‘வந்துகினு’ என்று இன்னொரு பக்கத்திலும் வந்தால் தட்டித் தட்டிப் படிக்கும் பிள்ளை நின்றுவிடும். சினிமாவில் வருகிற அளவுக்கு ‘இன்னா’, ‘கீது’ அள்ளிப் போடத் தேவையில்லை. பக்கத்துக்கு ஒரு வசனம் போதும்.

தேர்வு வரிகள் நீளத்தில் ஒத்திருக்க வேண்டும். ஒன்று நான்கு சொல், இன்னொன்று பதினைந்து சொல் என்றால், நீளமானதுதான் சரியென்று பிள்ளைகள் இரண்டாம் சுற்றிலேயே பிடித்துவிடுவார்கள்.

வரைவு, பிறகு எண் கலைத்தல்

வரைவுக்கு ட்வைன் மென்பொருள் போதும்; இலவசம், துண்டுகளைக் கட்டங்களாகவும் இணைப்புகளை அம்புகளாகவும் காட்டும். ஒரு பொறி இருக்கிறது. இல்லாத பெயருக்கு இணைப்பு கொடுத்தால் அந்தப் பெயரில் புதிய வெற்றுத் துண்டு ஒன்றை அதுவே உண்டாக்கிவிடும். ஓரிடத்தில் ‘ஸ்பானர்’, வேறோரிடத்தில் ‘ஸ்பேனர்’ என்றால் இரண்டு துண்டு. இதைவிட மோசம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில இரண்டு குறிகளாகவும் பதிகின்றன. திரையில் வித்தியாசமே தெரியாது. இணைப்பு மட்டும் அறுந்து கிடக்கும். துண்டுகளுக்குப் பெயர் வைக்காமல் வெறும் எண் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒருவரே தட்டச்சு செய்தாலும் கணினியும் கைப்பேசியும் மாறி மாறிப் பயன்பட்டால் இந்தக் கொம்பு, கால் குழப்பம் நடக்கும்.

எழுதி முடித்தபின் எண்களைக் கலைக்க வேண்டும். விதிகள்: இணைந்த இரண்டு துண்டுகள் திறந்த புத்தகத்தில் எதிரெதிரே (18, 19 போல) வரக் கூடாது, குறைந்தது நான்கு பக்கம் தள்ளியிருக்க வேண்டும், இரண்டு முடிவுகள் அடுத்தடுத்து நிற்கக் கூடாது. முதலில் இடம் மாற்ற முடியாதவற்றை வைத்துவிட வேண்டும். அவை மறைஎண் துண்டுகள். கதையில் ஒரு ஸ்பானர் கிடைக்கிறது, அதில் 14 என்று பொறித்திருக்கிறது. 27ஆம் பக்கத்தில் ஜெனரேட்டர் கொட்டகையின் துருப்பிடித்த நட்டு: ‘உன் கையில் ஸ்பானர் இருந்தால் அதன் எண்ணை இந்தப் பக்க எண்ணோடு கூட்டி, வரும் பக்கத்துக்குப் போ.’ 41க்குப் போகும். ‘ஸ்பானர் இருந்தால் 41’ என்று நேராக அச்சிட்டால் இல்லாதவரும் போய்விடுவார். ஆக, 27ஐயும் 41ஐயும் நட்டுவிட்டுத்தான் மற்றவற்றைக் கலைக்க வேண்டும்.

சரிபார்க்க விரிதாளில் மூன்று நெடுவரிசை: எந்தப் பக்கம், எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது. இரண்டாம் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் தனித்தனியே எண்ணினால் 90 வர வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஓர் எண் பிழை. 41க்குப் போகச் சொல்லி எந்தப் பக்கத்திலும் எண் அச்சாகவில்லை என்பதால், அந்த இணைப்பைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். அதன்பிறகும் பென்சிலும் தாளும் கொடுத்து நாலைந்து பேரைப் படிக்க வைத்து, போன பக்கங்களை வரிசையாக எழுதி வாங்குவதுதான் உண்மையான சோதனை. யாருமே போகாத துண்டுகள் ஒரு கூட்டமாக இருந்தால், அவற்றுக்கு இட்டுச்செல்லும் தேர்வு வரி சப்பென்று இருக்கிறது என்று பொருள்.

ஆபத்து முடிவுகளில் ‘முந்தைய தேர்வுக்குத் திரும்பு’ என்று எண் போடவில்லை. எப்படியும் எல்லாப் பிள்ளைகளும் பழைய பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டுதான் படிப்பார்கள்.

அச்சும் தையலும்

அச்சுக் கடைக்குத் தட்டச்சுக் கோப்பாகவே எடுத்துப் போனால் எழுத்துரு மாறிக் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கக்கூடும். எழுத்துரு பொதிந்த பிடிஎஃப்தான் பாதுகாப்பு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைப்பவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதே கதி. லிப்ரே ஆஃபீஸில் இந்தச் சிக்கல் இல்லை. வரிகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தலாம். இரு பக்கமும் இழுத்தால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும்.

புத்தக வடிவில் அச்சிடும்போது தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 65 வரும்: 64, 1, பின்புறம் 2, 63. இருபுற அச்சில் குறுகிய ஓரமாகத் திருப்பும்படி அமைக்க வேண்டும். நீள ஓரத்தில் திருப்பினால் பின்புறம் தலைகீழாக அச்சாகும். முழு ஓட்டத்துக்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்க்காமல் எந்திரத்தை ஓட விடக் கூடாது.

தாளுக்கும் அட்டைக்கும் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெரு. அட்டை 250 ஜிஎஸ்எம். மடிக்கும் இடத்தில் கிரீஸிங் (அழுத்திய மடிப்புக் கோடு) போட்டு வாங்கினால் நிறம் வெடிக்காது. 16 தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் உள்தாள் வெளித்தாளைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். கட்டிங்கில் 3 மில்லிமீட்டர் வெட்டினால் சமமாகிவிடும். 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

கடைகளில் சென்டர் பின் அடித்துத் தருவார்கள், வேகமும் அதுதான். ஆனால் கடலுக்குப் பக்கத்து நூலகங்களில் பின் துருப்பிடித்து மடிப்பில் பழுப்புக் கறை இறங்கும், பிறகு அந்த இடத்திலேயே தாள் கிழியும். பருத்தி நூலில் மெழுகு தேய்த்துத் தைப்பது மேல். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. ஒரு பிரதிக்கு 45 சென்டிமீட்டர் நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட்டு, கீழ்த் துளையில் வெளியே எடுத்து, நடுத்துளையில் மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். நூலின் இரண்டு முனையும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இரு பக்கமும் வரும்படி வைத்து முடிச்சுப் போட்டால் இறுகும். இழுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும்.

அச்சான பிறகும் ஒரு பக்க எண் தப்பென்று தெரியவரலாம். தைப்பதற்கு முன்னால் என்றால் ஒரு தாளை மட்டும் திரும்ப அச்சிட்டால் போதும். 18ஆம் பக்கம் தப்பு என்றால் 17, 18, 47, 48 இருக்கும் தாள். ரீமில் மிஞ்சிய 20 தாள் இதற்குத்தான், குறைந்தால் மேலே ஒரு பத்துத் தாள் வாங்க வேண்டியிருக்கும். தைத்துவிட்டால் தாளை மாற்றாமல், சரியான எண்ணை வெள்ளை ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு 8 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி ஒட்டுவதே சுளுவு. பேனாவால் அடித்து எழுதினால் அந்த வரி மட்டும் கண்ணை இழுக்கும். எல்லாரும் அந்த வழியில்தான் போவார்கள்.